காலுறையில் தெரிந்த கறுப்புக் கத்தி

பாற்கடல் கடைந்த நாளில் எழுந்த நஞ்சை வாங்கி உண்டு, அதை வயிற்றுக்குள் இறக்கி மறைக்காமலும், வெளியே உமிழ்ந்து உலகை எரிக்காமலும், விண்ணவரும் மண்ணவரும் காணும்படி கண்டத்திலேயே நிறுத்திக்கொண்ட பெருமானை முதலில் வணங்குவோம். மழுவும் சூலமும் ஏந்திய கைகளில் ஒன்றையேனும் முதுகுக்குப் பின்னே ஒளித்தறியாத அவன் திருவடி இந்தக் கதைக்குத் துணையாகுக. அவன் பெயரைச் சொன்ன வாயால் இனி ஒரு மலையின் பெயரையும், அம்மலையில் ஒரு கத்தியை ஒளித்து வாழ்ந்தவன் பெயரையும் சொல்லலாம்.

துரைமாரின் தாள்களில் பென்லாரிக் என்றும், கொழுந்து பறிப்பவர் வாயில் பெல்லாரிக்கல் என்றும் வழங்கிய தேயிலைத் தோட்டம் அது. அதற்கு மேலாளராக வந்த மக்ராய் துரை, ஸ்காட்லாந்து என்னும் தம் மலைநாட்டை மறக்கமாட்டாதவராய், தோட்டத்து ஆண்களில் மூச்சு நீண்டவர்களையும் தோள் அகன்றவர்களையும் தெரிந்தெடுத்து, அவர்களுக்குக் கட்டம் போட்ட மடிப்புப் பாவாடையும் முழங்கால் வரை ஏறிய கம்பளிக் காலுறையும் அணிவித்து, தோற்பைக் குழல் ஊதவும் பெருமேளம் அடிக்கவும் பழக்கினார். பெண்கள் அதற்குப் ‘பாவாடை பேண்டு’ என்று பெயர் வைத்தார்கள். அந்த உடையில் அவர்களுக்குப் புரியாதது ஒன்றே ஒன்று: வலக்காலுறையின் மேல்விளிம்பில், கைப்பிடி மட்டும் வெளியே தெரியச் செருகிய சிறிய கறுப்புக் கத்தி.

“எங்கள் ஊரில் மனிதன் கத்தியை அக்குளில் ஒளித்து வைத்துக்கொண்டு நடப்பான்” என்று துரை தமக்குத் தெரிந்த தமிழில் விளக்கினார். “சிநேகிதன் வீட்டுக்குப் போனால், வாசலில் அதை வெளியே எடுத்து, இங்கே, அவன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் செருகுவான். பிறகுதான் சாப்பிட உட்காருவான்.”

“சிநேகிதன் வீட்டுக்குக் கத்தியோடதான் போவாங்களா தொரை?” என்று பெருமேளக்காரன் தவசி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

துரை சிரிக்கவில்லை. “நீங்கள் கத்தி இல்லாமலா போகிறீர்கள்?” என்றார்.

குழலூதிகளில் முதல்வன் சன்னாசி. அவன் தங்கை பூங்காவனத்தைத்தான் தவசி மணந்திருந்தான். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே தாளத்தில் மூச்சுவிடுபவர்கள் என்று தோட்டம் சொல்லும். துரையின் நாட்டுப் புனிதர் ஒருவருக்குக் கார்த்திகை அடைமழையில் ஆண்டுதோறும் பங்களாவில் விருந்து நடக்கும். அவ்வாறு நடந்த ஒரு மாலையில், சுற்றியிருந்த மலைகளின் துரைமார் எல்லோரும் கூடியிருக்க, சன்னாசி, தவசியின் மேளம் மட்டும் துணைவர, முன்னே நின்று நீண்ட புலம்பல் பாட்டொன்றை ஊதினான். ஓரிடத்தில் மேளம் தளர்ந்ததும், குழலை வாயிலிருந்து எடுக்காமலே திரும்பி, தலையை அழுத்தமாக ஒருமுறை அசைத்து அதை இழுத்துப் பிடித்ததும், பாட்டு சிதறாமல் கரை சேர்ந்ததும் கேட்டவர்கள் பலநாள் வியந்து பேசிய செய்தி. பாட்டு முடிந்தபோது மக்ராய் துரை எழுந்து வந்து, தம் காலுறையிலிருந்து தேன்நிறக் கல் பதித்த கத்தியை உருவி, சன்னாசியின் காலுறையில் தம் கையாலேயே செருகினார்.

துரைமாரின் கைதட்டல் ஓய்வதற்குள் தவசி மேளத்தைப் போட்டுவிட்டு மழையில் ஓடிக்கொண்டிருந்தான். பூங்காவனத்துக்குப் பிரசவத்தில் உதிரம் நிற்கவில்லை. மருத்துவமனைக்குப் போகும் வழியில் கிடந்த மரப்பாலத்தின் மேல் வெள்ளம் ஏறிவிட்டிருந்தது. குழந்தையை மட்டுமே காப்பாற்ற முடிந்த மருத்துவச்சி, “ஒரு பாட்டு நேரத்துக்கு முன்னால வந்திருந்தாக்கூடப் பாலத்தைத் தாண்டியிருக்கலாமே” என்று தலையில் அடித்துக்கொண்டாள். சேதி கொண்டுபோனவன், தான் பாட்டின் நடுவிலேயே தவசியின் காதில் சொல்லிவிட்டதாகச் சன்னாசியிடம் சொன்னான்.

சேதி காதில் விழுந்த பிறகும் மேளத்தைக் கீழே வைக்காதவன் என்ற எண்ணம் அன்றைக்கே சன்னாசிக்குள் இறங்கிற்று. அவன் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பார்க்க மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டு உட்கார்ந்திருந்தான். தாயில்லாப் பிள்ளைக்கு அரியநாச்சி என்று பெயரிட்டபோது தொட்டிலில் முதலில் காசு போட்டவனும் அவன்தான்.

சில ஆண்டுகள் சென்று, மக்ராய் துரை மலையை விட்டே போனார். உடைகளும் குழல்களும் கத்திகளும் அடங்கிய தகரப்பெட்டியைத் தோட்டத்துக்கே கொடுத்துச் சாவியைச் சன்னாசியிடம் ஒப்படைத்தார். அந்த ஆண்டு மாரியம்மன் திருவிழாவில் பாவாடை பேண்டு முன்செல்ல அம்மன் புறப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. கோயில் வாசலில் பூசாரி இருளாண்டி கைநீட்டித் தடுத்தார்.

“குழல் வரலாம், மேளம் வரலாம், பாவாடைகூட வரலாம். கத்தி வரக் கூடாது. கழட்டுங்கப்பா.”

கழற்றிய கத்திகளை அவர் சூலத்தின் அடியில் வைத்து, யார் கண்ணிலும் படாதபடி மஞ்சள் துணியால் மூடினார்.

மறுநாள் காலையில், பெல்லாரிக்கல்லில் எவரெவர் நெஞ்சில் இன்னொருவர் மீது சொல்லாத வன்மம் இருந்ததோ அவரவர் வலக்காலின் கெண்டைச்சதையோடு ஒட்டி, கைப்பிடி மேல்நோக்கி, ஒரு சிறிய கறுப்புக் கத்தி நின்றது. அது வலிக்கவில்லை, யாரையும் கீறவில்லை, இழுத்தால் வரவில்லை. சேலையைத் தழையக் கட்டினால் சேலைக்கு மேலும், கால்சட்டை போட்டால் கால்சட்டைக்கு மேலும் தெரிந்தது. அம்மன் செய்த வேலையா, கடல் தாண்டிப் போன துரையின் ஊர்த் தெய்வம் செய்த வேலையா என்று யாரும் ஆராயவில்லை. கொழுந்து முற்றிவிடும் என்பதால் காலில் கத்தியோடு கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினார்கள்; ஆனால் அன்று ஒருவரும் முன்னால் பார்த்து நடக்கவில்லை, ஒவ்வொருவரும் அடுத்தவர் காலைப் பார்த்தே நடந்தார்கள்.

மளிகைக்கடை ஆவுடையப்பனுக்குக் கத்திகள் மயில் தோகையைப் போல விரிந்து நின்றன. “வியாபாரம்னா அப்படித்தான்” என்று அவர் பெருமையாகவே சொல்லிக்கொண்டார். சிறுவர்களுக்குக் காலையில் முளைத்த பென்சில் முனையளவு கத்திகள் கோலி விளையாட்டு முடிவதற்குள் உதிர்ந்தன. உரிமமில்லாத ஆயுதங்களைப் பறிமுதல் செய்யக் கீழிருந்து வந்த காவலர், ஓர் இரவு தோட்டத்தில் தங்கி எழுந்தபோது, தம் மேலதிகாரியை நினைத்துக்கொண்டே தம் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, பேசாமல் முதல் பேருந்தைப் பிடித்தார். நடத்துநரோ, “கத்தி உள்ளவுக படியில நிக்காதீக, உள்ள போங்க” என்று கூவியதோடு சரி. அதற்குமேல் அவருக்கும் அது அதிசயமாகப் படவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பதை விட்டுக் காலைப் பார்த்தார்கள்.

கத்தி கழன்றுவிழும் வழியை முதலில் கண்டவள் வேலம்மா. அவளும் அறிந்து காணவில்லை. தண்ணீர்க் குழாயடியில் நாத்தனாரைப் பார்த்ததும் பொறுக்கமாட்டாமல், “ஏண்டி முத்துராக்கு, எம்புள்ள பொறந்தப்ப, இது எங்கண்ணன் சாடையே இல்லையேன்னு ஊர் பூராச் சொன்னியே, அன்னையிலிருந்து நீ போட்ட சோறு எனக்குத் தொண்டையில எறங்கலடி!” என்று கத்திவிட்டாள். சொல்லி முடித்ததும் கத்தி பழம்போலக் கழன்று முத்துராக்கின் காலடியில் விழுந்தது. முத்துராக்கு திகைத்து அதை எடுத்தாள். எடுத்த கத்தியை என்ன செய்வதென்று தெரியவில்லை. மடியில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது, அதை அந்தக் கத்தியாலேயே அறுத்து, தூக்குவாளியில் இருந்த பால் கலவாத தேநீரில் பிழிந்து, “இந்தா, குடி மொதல்ல. தொண்டை காஞ்சு போச்சு பாரு, அந்தக் கத்து கத்துற” என்றாள். பாதியை அவளும் குடித்தாள்.

அதுவே தோட்டத்தின் முறையாயிற்று. கத்தி உடையவர், யார் மீது வன்மமோ அவர் வீட்டு வாசலில் நின்று வலக்காலைக் காட்ட வேண்டும். உள்ளதைச் சொல்ல வேண்டும். கழன்ற கத்தியை வீட்டுக்காரர் தம் கையால் எடுத்து எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேநீரில் பிழிய வேண்டும். இருவரும் குடிக்க வேண்டும். குற்றம் யாருடையது என்று தீர்க்கும் வழக்கம் இல்லை. அம்மை கண்டு இறந்த தம் மகனுக்காக அம்மன் மீதே கத்தி வைத்திருந்த பூசாரி இருளாண்டி, உச்சிவேளையில் ஊர் கேட்க அவளிடம் சண்டையிட்டு, கழன்ற கத்தியை அவள் பாதத்தில் வைத்து அழுதார். கழன்ற கத்திகள் வெறும் கத்திகளாகி, வெங்காயமும் இஞ்சியும் நறுக்கின. கறுப்புக் கைப்பிடிக் கத்தி இல்லாத அடுப்படி பெல்லாரிக்கல்லில் இல்லை என்றாயிற்று.

சன்னாசிக்கும் அன்று காலையில் கத்தி முளைத்திருந்தது. ஆனால் மறைக்கவே முடியாத அந்தக் கத்தியை மறைக்கத்தக்கவன் உலகத்தில் அவன் ஒருவன்தான். அவன் பேண்டின் கம்பளிக் காலுறையை எடுத்து மாட்டினான். காலுறைக்கு மேல் கத்தி தெரிந்தது. தெரிந்தால் என்ன, குழலூதியின் காலுறையில் கத்தி தெரிவதுதானே முறை? துரையின் கத்தியில் இருந்த தேன்நிறக் கல் இதில் இல்லை என்பதால், மஞ்சள் கண்ணாடி மணி ஒன்றை அரக்கால் கைப்பிடியின் தலையில் ஒட்டினான். கோயிலிலிருந்து திரும்ப வாங்கிவந்திருந்த, துரை கொடுத்த மெய்யான கத்தியைத் தகரப்பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டினான்.

“பேண்டு மாஸ்டருன்னா ஒரு மரியாதை வேணும். நான் கழட்ட மாட்டேன்” என்று கேட்டவர்களிடம் சொன்னான். எல்லோரும் நம்பினார்கள். சன்னாசிக்கு யார் மீது வன்மம் இருக்கப்போகிறது? தோட்டத்துப் பெரிய மனுஷர்களில் கத்தி முளைக்காதவன் அவன்தான் என்று பேசிக்கொண்டார்கள். வாசலில் நின்று சொல்லப் போகிறவர்கள், வாய் தடுமாறாமல் இருக்க ஒரு நல்லவன் பக்கத்தில் இருக்கட்டும் என்று அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “சொல்லு, உள்ளதைச் சொல்லு. சொன்னாத்தான் கழலும்” என்று சொல்லிச் சொல்லி, மற்றவர் கத்திகள் கழன்று விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்று விழும்போதும் அவன் காலில் இருந்தது சற்றே கனத்தது. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று பலமுறை தவசியின் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறான். ஆனால் சொன்னால், இத்தனை காலம் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டியிருக்கும்?

தவசியின் கால்கள் வெறுங்கால்களாகவே இருந்தன. “பாத்துக்க மச்சான், ரெண்டு காலும் மொட்டை. எனக்கு ஒரு பொண்ணும் ஒரு மேளமும்தான் சொத்து, கத்திகூட முளைக்கலையே” என்று அவன் வேடிக்கையாகச் சொல்வான். சன்னாசியும் சேர்ந்து சிரிப்பான். குற்றம் செய்தவனுக்கு எங்கே வன்மம் வரும் என்று உள்ளே எண்ணிக்கொள்வான்.

அரியநாச்சி வளர்ந்து கூடை மாட்டும் வயதுக்கு வந்தாள். ஒரு திருவிழாவுக்கு முன்னால் உடைகளை வெயிலில் உலர்த்த வேண்டியிருந்தபோது, காய்ச்சலில் படுத்திருந்த சன்னாசி, யோசிக்காமல் சாவியைத் தவசியிடம் எடுத்துக் கொடுத்துவிட்டான். கொடுத்த பிறகுதான் பெட்டியின் அடியில் கிடக்கும் துரையின் கத்தி நினைவுக்கு வந்தது. மாலையில் தவசி சாவியைத் திருப்பிக் கொண்டுவந்தான். அவன் கண்கள் மச்சானின் காலுறையில் இருந்த மஞ்சள் மணி மீது ஒரு கணம் தங்கின.

“பெட்டியில எல்லாம் பத்திரமா இருக்கு மச்சான்” என்றான் தவசி மெதுவாக. “ஒண்ணும் கொறையல.”

சாவியைத் தலையணை அடியில் வைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து தவசி வேடிக்கையாகக் காலைக் காட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டான்.

அடுத்த மழைக்காலத்தில் தவசிக்கு நெஞ்சில் சளி கட்டிற்று. மேளம் தூக்கிய தோள்கள் இரண்டும் ஆணியில் மாட்டிய சட்டையைப் போலத் தொங்கின. ஒரு பிற்பகலில் பார்க்கப் போன சன்னாசியை அருகில் உட்காரச் சொன்னான்.

“மச்சான், கால்ல இருக்கிறது தொரை குடுத்த கத்திதானா?”

“தொரை குடுத்ததுதான் மாப்ளே. பின்ன வேற என்ன?”

“கல்லு பளபளன்னு இருக்கு.”

“நேத்துத்தான் தொடச்சேன்.”

தவசி சற்று நேரம் மூச்சு வாங்கினான். சன்னல் விளிம்பில் கிடந்த பழங்களின் கடைசியில் புதிதாக ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. “பழம் ஒண்ணு இருக்கு மச்சான். நாச்சியத் தேத்தண்ணி வைக்கச் சொல்லட்டா?”

அந்தக் கணத்தில் சன்னாசியின் நாக்கு அசைந்தது. சொல்லியிருந்தால் இந்தக் கதையை இங்கேயே மங்கலமாக முடித்திருக்கலாம். அடுப்படியில் அரியநாச்சி நிற்பதை அவன் பார்த்தான். அவள் முன்னே தான் சிறுத்துப்போவதை நினைத்தான். “இருமலுக்குப் புளிப்பு ஆகாது மாப்ளே. நாளைக்கு வாரேன்” என்று எழுந்தான்.

“நாளைக்கு வா மச்சான்” என்றான் தவசி.

விடிவதற்குள் அவன் உயிர் பிரிந்துவிட்டது. பெருமேளத்தை ஒருவரும் அடிக்காமல் பாடைக்கு முன்னே சுமந்து சென்றார்கள். பின்னால் சன்னாசி அன்று பங்களாவில் ஊதிய அதே பாட்டை ஊதிக்கொண்டு நடந்தான். யார் மீது வன்மமோ அவன் மண்ணுக்குள் போய்விட்டால் கத்தியும் உதிர்ந்துவிடும் என்று அவன் எதிர்பார்த்தான். அது உதிரவில்லை. காலை நிலத்தில் ஊன்ற முடியாத அளவுக்குக் கனத்தது.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்து உறவினர் கலைந்த பிறகு, அவன் தங்கை மகள் அரியநாச்சியின் வீட்டு வாசலில் போய் நின்றான். மற்றவர்களை எத்தனையோ முறை நிறுத்திய இடத்தில் தானே நின்று, காலுறையைக் கழற்றி எறிந்து, வலக்காலை முன்னே வைத்தான். மஞ்சள் மணியைத் திருகி எடுத்தான். சொல்லத் தொடங்கும்போது வாய் தடுமாறிற்று; அருகில் நிற்க அவனுக்கு ஒரு நல்லவன் இல்லை.

“அம்மா நாச்சி, இது தொரை கத்தி இல்ல. உங்கப்பன் மேல நான் வச்சிருந்த கத்தி. உங்கம்மா சாகக் கெடந்த சேதி காதுல விழுந்த பொறகும் அவன் மேளத்தை நிறுத்தலம்மா. அதைத்தான் இத்தனை வருசமா...”

கத்தி அசையவில்லை.

அரியநாச்சி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை, இவ்வளவு நாள் தாமதமாக வந்த ஒரு விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “உள்ள வாங்க மாமா” என்றாள்.

சன்னல் விளிம்பு முழுதும் எலுமிச்சம்பழங்கள். சில கறுத்துச் சுருங்கிக் கல்லாகியிருந்தன, சில பழுப்பேறியிருந்தன, கடைசியில் இருந்தது மட்டும் தோலில் சிறிது மஞ்சள் காட்டியது.

“பொட்டியத் தொறந்து பாத்த அன்னையிலிருந்து அப்பா சாயங்காலமாச்சுன்னா ஒரு பழம் எடுத்து வைப்பாரு. இன்னைக்கு மச்சான் வருவான், வந்து ஏசுவான், வாங்கிக்கிட்டு அறுக்கணும்னு சொல்வாரு.”

“எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமேம்மா, ஏண்டா ஒளிச்சேன்னு.”

“கேட்டா நீங்க காரணம் சொல்வீங்க. நீங்க சொன்னா அவரும் சொல்லியாகணும். அது உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு நெனச்சாரு. ‘மாமா தானா வந்து கேட்டா மட்டும் சொல்லு, இல்லைன்னா உன்னோடவே போகட்டும்’னு எங்கிட்ட வாக்கு வாங்கிக்கிட்டாரு.” அவள் சன்னல் பக்கம் திரும்பினாள். “சேதி வந்ததும் அப்பாவுக்குக் கை நின்னு போச்சாம் மாமா. கம்பைக் கீழ போடப் போனாராம். நீங்க திரும்பிப் பாத்து, நிறுத்தாதேன்னு தலையாட்டுனீங்களாம். அத்தனை தொரைமாரு முன்னால உங்க பாட்டு. அதைக் கெடுக்க அவருக்கு மனசு வரல. பாட்டு முடியிற வரைக்கும் அடிச்சாராம்.”

சன்னாசி அந்தத் தலையசைப்பை நினைத்துப் பார்த்தான். ஊரார் வியந்து பேசும்போதெல்லாம் தன் பெருமையாக எண்ணிக் காத்து வைத்திருந்த அதே அசைப்பு. தேன்நிறக் கல் பதித்த கத்தியைப் பெற்றுத் தந்தது அதுதான்.

அப்பொழுது அவன் காலிலிருந்து கத்தி ஓசையின்றிக் கழன்றது. அது அரியநாச்சியின் பக்கம் விழவில்லை. அவன் வலப்பாதத்தின் மேலேயே, கைப்பிடி அவனை நோக்கி இருக்க, வந்து கிடந்தது. அவள் குனியவில்லை. யாருடைய கை அதை எடுக்க வேண்டும் என்பது தோட்டத்தில் பிறந்த அவளுக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து அத்தனை பேருக்கும் முறை சொன்ன அவனுக்கும் தெரியும். சன்னாசி குனிந்து அதைத் தன் கையால் எடுத்தான்.

அவள் விளிம்பின் கடைசியில் இருந்த பழத்தை, அப்பா கடைசியாக வைத்ததை, எடுத்து அவன் முன்னே வைத்துவிட்டுத் தேநீர் வைக்கப் போனாள். அவன் அறுத்தான். கத்தி நன்றாகவே அறுத்தது. பழத்துக்குள் சாறு இல்லை. இரண்டு பாதிகளையும் விரல் வெளுக்கப் பிழிந்தும் ஒரு சொட்டு விழவில்லை.

“வாசமாவது இருக்கும், போடுங்க மாமா” என்றாள் அரியநாச்சி.

அவன் உலர்ந்த பாதிகளை அப்படியே தேநீருக்குள் போட்டான். இருவரும் ஒரே டம்ளரில் மாறி மாறிக் குடித்தார்கள். புளிப்பு வரவில்லை, தோலின் கசப்பு மட்டும் மெல்ல இறங்கிற்று. ஒரு துளியும் மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார்கள்.

இதைச் செவிகொடுத்துக் கேட்ட நீங்கள் எல்லோரும் நீடு வாழ்க. நஞ்சைக் கண்டத்தில் வெளிப்பட வைத்த பெருமான், உங்கள் நெஞ்சில் ஒளிந்திருப்பதைக் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குக் கொண்டுவருவானாக. நீங்கள் சொல்லப் புறப்படும் நாளில் அந்த வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்க, உரியவர் உயிரோடு எழுந்துவந்து வாசலில் உங்களை எதிர்கொள்ள, அவர் கையால் அறுக்கும் பழத்தில் சாறு நிறைந்திருக்க அவன் அருள்க.